நம்பரைத் தேய்த்த மனுஷன்

சர்ரக், சர்ரக் என்று ஒரு சத்தம். சாண்ட் பேப்பரைச் சின்னதாக மடித்து, நகத்தளவு கறுப்புத் துண்டொன்றின் முதுகில் வைத்துத் தேய்க்கும் சத்தம். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பல் கூசும். பல் கூசுவதோடு நின்றால் பரவாயில்லை, வயிறும் எரியும். கண்டியில் அந்த மனுஷனிடம் ஒரு சாமானை ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த எவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். ரிப்பேர் பத்து நிமிஷம். தேய்ப்பு முக்கால் மணி நேரம்.

தேய்த்தது நம்பரை. ரேடியோவோ சார்ஜரோ, எதைத் திறந்தாலும் உள்ளே ஐசி என்று சொல்லும் கறுப்புத் துண்டுகள் இருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் அது இன்னது என்று ஒரு நம்பர் அச்சடித்திருக்கும். அந்த நம்பரைக் கடையில் சொன்னால் அதே துண்டை எடுத்துத் தந்துவிடுவார்கள். இவர் புதிதாக ஒன்றைப் போடுவதற்கு முன்னால் அதன் முதுகைத் தேய்த்து மொட்டையாக்கிவிடுவார். அதற்குப் பிறகு அது என்னவென்று அவருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். தொழிலைப் பற்றி அந்த ஒரு விஷயத்தைத்தான் அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"நம்பர் தெரிஞ்சா அடுத்த தடவ நீங்க எதுக்குங்க இந்தப் படி ஏறப் போறீங்க?"

குட்ஷெட் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சத் தூரத்தில் ஒரு செருப்புக் கடை. அதற்குப் பக்கத்தில் இருட்டான மாடிப்படி. மேலே அவருடைய அறை. பெயர்ப்பலகை கிடையாது. பில் புத்தகம் கிடையாது. கைவேலைக்காரரை எல்லாரும் கூப்பிடுவது போல அவரையும் 'பாஸ்' என்றுதான் கூப்பிட்டோம். சொந்தப் பேர் என்னவென்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து வந்து சொல்ல வேண்டாம்.

ஒல்லியான ஆள். மற்றவர்கள் பேனை செருகும் சட்டைப் பையில் இவர் மடித்த சாண்ட் பேப்பர் வைத்திருப்பார். மீட்டரை வைத்து அளக்கும்போது அதன் முகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வார், பரீட்சையில் விடையை மறைக்கும் பிள்ளை மாதிரி. போன் வந்தால் மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துப் பேசுவார். பேசுவது மரக்கறிக்காரரோடு, அரைக் கிலோ போஞ்சிக்காய் பற்றி. அதற்கும் சுவர்! ஒருநாள் மரியாதைக்கு, "சாப்பிட்டீங்களா பாஸ்?" என்று கேட்டேன்.

"ஏன் கேக்குறீங்க?" என்றார்.

இப்படிப்பட்ட கல்லுளிமங்கனிடம் நான் ஏன் போனேன் என்று கேட்பீர்கள். போக வைத்தது என் மெஷின்.

கல்யாணத்துக்குப் போட்ட வளையல்களை விற்று வாங்கிய எம்ப்ராய்டரி மெஷின் அது. ஜப்பானிலிருந்து வந்த பழைய மெஷின், பதினைந்து ஊசி. கண்டிக்குப் பக்கத்தில் திகனையில் எங்கள் வீட்டு முன்னறையில் அதை வைத்துப் பாடசாலை பேட்ஜ்களும் அபாயாவுக்குக் கழுத்து வேலையும் செய்துவந்தேன். கணவர் கத்தாரில் இருந்தார். அவர் அனுப்புவதை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது என் வீம்பு. என்னோடு ஊரிலுள்ள இரண்டு பெண்பிள்ளைகள் சம்பளத்துக்கு வேலை செய்தார்கள். அந்த மெஷின் ஓடினால் மூன்று குடும்பம் சாப்பிடும்.

கரண்ட் தினமும் போய்வந்த அந்த வருஷத்தில், ஒருநாள் பின்னேரம், போன கரண்ட் ஒரே அடியாகத் திரும்பி வந்தது. மெஷினின் பின்பக்கத்தில் 'டப்' என்று வெடித்தது. கருகிய நாற்றம். அதோடு சரி.

போனது பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் கரண்ட் அந்த மெஷினுக்கு அப்படியே ஆகாது. அதை இறக்கி, நாலு விதமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். மூளைக்கு ஐந்து வோல்ட். நூல் அறுந்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்கும் கண்களுக்குப் பன்னிரண்டும், அதோடு கூட மைனஸ் பன்னிரண்டும். நிறம் மாற்றும் மோட்டருக்கும் நூல் வெட்டும் கத்திக்கும் இருபத்துநாலு. நாலில் ஒன்று வராவிட்டாலும் மெஷின் அசையாது. ஒன்று இடம் மாறிப் போனால் உள்ளே இருக்கும் போர்ட் எரியும். எரிந்தால் மெஷினைப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, அலைந்து தெரிந்துகொண்டேன். கொழும்பில் ஒரு ஏஜென்ட், "அந்த மாடல் இப்ப வாரதில்ல மேடம், முழுக் கன்ட்ரோல் பெட்டியயும் மாத்தணும்" என்றார். அந்த விலைக்கு இன்னொரு மெஷின் வாங்கலாம். கண்டியில் போன் திருத்துகிற ஒரு பையன் கம்ப்யூட்டர் பவர் சப்ளை ஒன்றைக் கழற்றிக் கொண்டுவந்தான். அதில் ஐந்து இருந்தது, பன்னிரண்டு இருந்தது, இருபத்துநாலு இல்லை. கடைசியில் திகனையில் டீவி ரிப்பேர் செய்கிற, நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஒருவர்தான் பாஸைப் பற்றிச் சொன்னார்.

"இத புதுசாக் கட்டுறதெண்டா கண்டியில ஒரே ஒரு ஆள்தான் ஈக்கிறார். ஆனா ஒண்டு. அவர்ட்ட போனா நீங்க கடைசி மட்டும் அவர்ட்டயேதான் போகணும். அவர் கைவெச்ச சாமான நாங்க யாரும் தொடமாட்டோம்."

நான் கேட்டேனா? மெஷின் ஓடினால் போதும் என்று படி ஏறினேன்.

மூன்று வாரத்தில் கட்டினார். வாராவாரம் போய் அவர் அறையில் ஒரு கதிரையில் உட்கார்ந்திருப்பேன். நான் அந்த மனுஷனை ஏசுவதற்கென்றே இதை எழுதுகிறேன், ஆனாலும் உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும். கை சுத்தமான கை. ட்ரான்ஸ்ஃபோமருக்குச் செம்புக் கம்பியைத் தன் கையாலேயே சுற்றினார். சுற்று எண்ணும்போது உதடு அசையும், சத்தம் வராது. எண்ணிக்கை வெளியே கேட்டுவிடக் கூடாதாம்.

இரண்டாம் வாரம் பழைய பத்திரிகை ஒன்றை விரித்து, வாங்கி வந்த ஐசிகளை அதன்மேல் வரிசையாக வைத்தார். பார்க்க எல்லாம் ஒரே மாதிரி. மூன்று கால், ஒரு கறுப்பு உடம்பு. நான் அவற்றைப் பார்ப்பது அவருக்குத் தெரியும். பொம்பிளைக்கு என்ன விளங்கப் போகிறது என்று விட்டுவிட்டார்.

அங்கேதான் அவர் பிழைவிட்டார், பாவம். என் பிழைப்பே நம்பரில்தான். நூல் நிறம் எல்லாம் நம்பர். கடும் சிவப்பு ஒரு நம்பர், அதைவிட அரைப்பங்கு வெளுத்தது இன்னொரு நம்பர். முந்நூறு நிறத்தின் நம்பர்கள் என் தலைக்குள் கிடக்கின்றன. பத்திரிகைமேல் இருந்த நாலையும் ஒரு பார்வையில் வாங்கிக்கொண்டேன். 7805, 7812, 7912, 7824. கடைசி இரண்டு இலக்கத்தைப் பாருங்கள்: ஐந்து, பன்னிரண்டு, பன்னிரண்டு, இருபத்துநாலு. வோல்ட்! இதில் என்ன பெரிய ரகசியம்? எழுபத்தெட்டில் தொடங்குவது சும்மா பன்னிரண்டு, எழுபத்தொன்பதில் தொடங்குவது மைனஸ் பன்னிரண்டு. அவ்வளவுதான்.

அவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். சர்ரக், சர்ரக். நான் பஸ்ஸில் ஏறியதும் கைப்பையிலிருந்து, நிற நம்பர்கள் எழுதும் நூல் கொப்பியை எடுத்து, கடும் சிவப்புக்கும் இளநீலத்துக்கும் நடுவில் அந்த நாலு நம்பரையும் எழுதிவைத்தேன்.

பவர் சப்ளைப் பெட்டியைப் பாஸ் வீட்டுக்குக் கொண்டுவந்து மெஷினில் பூட்டிய நாள் என் வாழ்க்கையில் மறக்காது. முன்னறைக்குள் நுழைந்தார், மெஷினைச் சுற்றி ஒரு தடவை நடந்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"எல்லாரும் வெளிய போங்க தங்கச்சி."

"நாங்க ஒரு பக்கமா நிக்கிறோமே பாஸ்."

"வெளியன்னா வெளிய."

திரைச்சீலையை இழுத்து, கதவையும் சாத்திக்கொண்டார். என் வீடு. என் மெஷின். என் வளையல். நானும் இரண்டு பிள்ளைகளும் முற்றத்துப் பலா மரத்தடியில் தூறலில் நின்றோம். பக்கத்து வீட்டு மனுஷி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன, வீட்டுக்குள்ள யாரும் ஈக்கிறாங்களா?" என்று கேட்டாள். எனக்கு மானம் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கதவு திறந்தது. மெஷின் ஓடியது. பதினைந்து ஊசியும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கி ஏறின. நான் அழுதுவிட்டேன், இரண்டு பிள்ளைகளும் அழுதார்கள். அவர் மட்டும் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். பெட்டியின் பின்னால் பார்த்தேன். நாலு இணைப்புக்கும் ஒரே கறுப்பு வயர். பழைய பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று இருந்ததை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு, எது எதுவென்று தெரியாதபடி கறுப்பாகவே போட்டிருந்தார்.

அன்று வீட்டில் வட்டிலப்பம் செய்திருந்தேன். இரண்டு துண்டு சாப்பிட்டார். மூன்றாவது துண்டை எடுத்துக்கொண்டு, "இதுல என்னென்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்டார்.

நான் சொன்னேன். கருப்பட்டி எவ்வளவு, தேங்காய்ப்பால் எவ்வளவு, முட்டை எத்தனை, ஏலம் எப்போது போடுவது என்று ஒன்று விடாமல் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே?

ஏதோ இளகிப்போய் அன்று ஒரு கதையும் சொன்னார். முன்னொரு காலத்தில், இளைஞனாக இருந்தபோது, கரண்ட் போனால் தானாகப் பற்றும் லாம்பு ஒன்றைக் கட்டினாராம். நல்ல லாம்பு. ஒரு கடைக்காரன் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்ப் பிரித்துப் பார்த்து, உள்ளே இருந்த நம்பர்களை எழுதி, அதே மாதிரி நூறு கட்டி விற்றானாம். "என் லாம்ப எனக்கே விக்க வந்தான் தங்கச்சி" என்றார். அது உண்மையாக இருக்கலாம். எவனோ ஒருத்தன் செய்ததற்கு நான் ஏன் தூறலில் நிற்க வேண்டும்?

என்னை மட்டுமா நிறுத்தினார்? எங்கள் பக்கத்துப் பள்ளிவாசலின் மைக் பெட்டியும் ஒருதரம் அவர் கைக்குப் போயிருந்தது. நோன்பு காலத்தில் அது நின்றுவிட்டது. பாஸின் அறை பூட்டிக் கிடந்தது. எங்கே போனார் என்று கீழே செருப்புக் கடைக்காரருக்கும் சொல்லவில்லை. மூன்று ரிப்பேர்காரர்கள் வந்து மூடியைத் திறந்தார்கள், உள்ளே மொட்டைத் தலைகள் வரிசையாக இருப்பதைப் பார்த்தார்கள், மூடிவிட்டுப் போனார்கள். மோதினார் மூன்று நாள் மைக் இல்லாமல் தொண்டை கிழியப் பாங்கு சொன்னார். நாலாம் நாள் பாஸ் வந்து ஐந்து நிமிஷத்தில் சரிசெய்தார். எங்கே போயிருந்தீர்கள் என்று மோதினார் கேட்டதற்கு, "ஏன் கேக்குறீங்க?" என்றாராம்.

என் பெட்டி இரண்டு வருஷம் ஓடியது. பிறகு ஒரு டிசம்பர். பாடசாலை திறக்க முன்னால் மூன்று பாடசாலைக்குப் பேட்ஜ் கொடுத்தாக வேண்டும். பிந்தினால் அடுத்த வருஷம் வேலை கொழும்புக்குப் போய்விடும், அதற்குப் பிறகு திரும்பி வராது. அந்த நேரம் பார்த்து மெஷின் நூல் அறாமலே 'நூல் அறுந்தது' என்று நின்றது. நூலைக் கோத்தால் மறுபடி நின்றது. திகனை டீவி நானா வந்து மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "மைனஸ் பன்னிரண்டு வருதில்ல. நான் கைவெக்க மாட்டேன், ஒங்கட ஆளயே கூப்பிடுங்க" என்று போய்விட்டார்.

பாஸ் த்ரீவீலரில் வந்தார். இறங்கும்போதே ஒரு கரச்சல். மாத்திரை போட்டுவைக்க ஞாயிறு, திங்கள் என்று அறை பிரித்த பிளாஸ்டிக் பெட்டி இருக்குமே, அதில்தான் அவர் ஐசிகளை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை அறையில் ஒன்று, திங்கள் அறையில் இன்னொன்று. வெளியே வேலைக்குப் போவதென்றால், கடையிலிருந்து வாங்கியதுமே எல்லாவற்றையும் தேய்த்து மொட்டையாக்கித்தான் அதற்குள் போடுவார். எங்கள் வீட்டு ஏற்றத்தில் த்ரீவீலர் தூக்கிப் போட்டதில் அந்தப் பெட்டி வாய் திறந்து எல்லாம் பையின் அடியில் கொட்டிக் கிடந்தது. நான் பார்த்தேன். அவர் பையை மார்போடு அணைத்து என் கண்ணிலிருந்து மறைத்தார்.

"வெளிய நில்லுங்க."

நின்றோம். பழகிப்போயிற்று. அரை மணி நேரம் போயிற்று, ஒரு மணி நேரம் போயிற்று. உள்ளே ஒரு வேலைச் சத்தமும் இல்லை. ஈயம் உருகும் வாடை இல்லை. எனக்கு மனது கேட்கவில்லை. முதல் தடவை பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே நின்ற நான் அன்றைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

ஜன்னலோரம் நின்றிருந்தார். உள்ளங்கையில் ஆறேழு மொட்டை ஐசிகள். ஒன்றை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார், தூரப் பிடித்தார், வைத்தார், அடுத்ததை எடுத்தார். எது எதுவென்று அவருக்கே தெரியவில்லை! மீட்டரை வைத்துப் பார்த்தால் கண்டுபிடிக்கலாம். மேசைமேல் மீட்டர் இருந்தது. ஆனால் முள் எங்கே நிற்கிறது என்று கண்ணுக்குத் தெரிய வேண்டுமே. சீனி வருத்தம், அந்த நீரிழிவு, கண்ணில் இறங்கியிருக்க வேண்டும். அதையும் யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்திருக்கிறார்.

"என்ன பாஸ், பெரிய கரச்சலா?"

"வெளிய நில்லுங்கன்னு சொன்னேன்ல?"

"நிண்டேன். ஒரு மணித்தியாலம் நிண்டேன்."

"இதுதான்" என்று ஒன்றை எடுத்தார். "இதத்தான் போடணும்."

"நல்லாத் தெரியுமா?"

"முப்பது வருசத்துக்கு மேல செய்யிறேன். என் கையே சொல்லும் தங்கச்சி."

நான் அந்தக் கையைப் பார்த்தேன். அது இன்னும் மற்ற ஐசிகளைப் புரட்டிக்கொண்டிருந்தது. பிழையான ஒன்றைப் போட்டுக் கரண்ட் கொடுத்தால் என் போர்ட் எரியும். அவருக்கும் அது தெரியும். தெரிந்தும், 'தெரியவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்வதைவிட என் மெஷினை எரிப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது. நான் போய்ச் சுவிட்சை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"போடாதீங்க. 7912தானே வேணும்? நான் டவுன்ல வாங்கிட்டு வாரேன்."

அவருடைய முகம் சுண்டிப்போயிற்று.

"அந்த நம்பர ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"நீங்கதான். பேப்பர்ல வரிசையா வெச்சிருந்தீங்க. தேய்க்கிறதுக்கு முந்தியே பாத்துட்டேன்."

"அது திருட்டுங்க."

அவ்வளவுதான், எனக்குத் தலைக்கேறியது. இரண்டு வருஷமாக விழுங்கியதெல்லாம் வெளியே வந்தது.

"யாரு திருடி? நானா? எங்கட மெஷினுக்குள்ள என்ன ஈக்குதெண்டு எனக்குத் தெரியப்படாதா? எங்கட வீட்டுக்குள்ள எங்கள வெளிய போகச் சொல்ல நீங்க யாரு? ஒங்களுக்கே தெரியாத சாமான எங்கட தலையில கட்டப் பாக்குறீங்களே, வெக்கமில்லயா? இப்ப நீங்க வெளிய போங்க. போய் அந்தப் பலா மரத்துக்குக் கீழ நில்லுங்க. நான் வார மட்டும் இந்த அறைக்குள்ள கால் வெக்கப்படாது!"

இரண்டு பிள்ளைகளும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அவர் வெளியே போனார். நான் வாசலில் அவருக்காகக் காத்து நின்ற த்ரீவீலரிலேயே டவுனுக்குப் போனேன். கடைக்காரரிடம் 7912 என்றேன். லாச்சியைத் திறந்து ஒரு நிமிஷத்தில் எடுத்துத் தந்தார். என்னைப் பார்த்து யார், எதற்கு என்று கூடக் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. அவர் பலா மரத்தடியில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் கொடுத்த பிளேன்டீ குடிக்காமல் ஆறிக் கிடந்தது. நான் ஐசியை அவர் கையில் வைத்தேன். புரட்டினார். வெளிச்சத்துக்கு உயர்த்தினார். மூக்கு நுனிக்குக் கொண்டுவந்தார். பிறகு என்னைப் பார்க்காமல், மரத்தைப் பார்த்துக் கேட்டார்.

"என்ன போட்டிருக்கு?"

"ஏழு. ஒம்பது. ஒண்டு. ரெண்டு."

"திரும்பச் சொல்லுங்க."

பிள்ளைகளுக்கும் கேட்கட்டும், வேலிக்கு அந்தப் பக்கத்து மனுஷிக்கும் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னேன். நான் ஏதோ தூஷணத்தால் ஏசியது போல அவர் கண்ணை மூடிக்கொண்டார். எனக்குப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சந்தோஷம்தான் வந்தது, நல்ல சந்தோஷம்.

உள்ளே வந்து, ஐசியின் கால்களைத் தடவிப் பார்த்துப் பெட்டிக்குள் பூட்டினார். ஈயம் எங்கே விழ வேண்டும் என்று நான் விரலால் காட்டினேன். மெஷின் ஓடியது. மூன்று பாடசாலைக்கும் பேட்ஜ் நேரத்துக்குப் போயிற்று. ஆனால் அவர் போவதற்கு முன்னால் இன்னொன்று நடந்தது. எல்லாம் முடிந்தபின் பழக்கத்தில் அவர் கை சட்டைப் பைக்குப் போய் சாண்ட் பேப்பரை எடுத்தது. பூட்டிய ஐசியின் முதுகை விரல் தேடியது.

"இத தேய்க்கப்படாது" என்றேன். "இது நான் வாங்கினது."

பிறகு அந்த மடித்த சாண்ட் பேப்பரை மெஷின் மேசைமேல் வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனார். நான் அதை எடுத்து மேசை லாச்சிக்குள் எறிந்தேன்.

அதற்குப் பிறகு அவரை நான் காணவில்லை. எட்டு மாதம் கழித்து, பாஸ் மௌத்தாகிவிட்டார் என்று மோதினார் வந்து சொன்னார். மாடிப்படிக்குக் கீழே மரண அறிவித்தல் ஒட்டியிருக்கிறதாம், அதில் அவருடைய பேர் இருக்கிறதாம். நான் போய்ப் பார்க்கவில்லை. அவர் மறைத்ததை நான் ஏன் போய்ப் படிக்க வேண்டும் என்று இருந்தேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் நல்லவள். போன மாதம் ஒரு போன் வந்தது.

"அக்கா, நான் கம்பளையில இருந்து பேசுறேன். ஒங்க மெஷின் மாதிரியேதான் என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. பவர் சப்ளை வெடிச்சிருச்சு அக்கா. ஒங்களுக்கு யாரோ புதுசா கட்டிக் குடுத்தாங்களாமே? அந்தப் பெட்டியத் தொறந்து காட்டுனீங்கன்னா போதும், எங்க ஊர் ரேடியோ பாஸ் பாத்துக் கட்டித் தர்றேங்கிறாரு. நாளைக்கு அவரயும் கூட்டிக்கிட்டு வரட்டுமா?"

"வாங்க, வாங்க" என்றேன்.

கம்பளைப் பக்கத்துப் பாடசாலைகளின் பேட்ஜ் எல்லாம் அவளுடைய வேலை என்று எனக்குத் தெரியும். அவள் மெஷின் நின்றுவிட்டது என்று கேள்விப்பட்டு, அதில் இரண்டு பாடசாலை ஏற்கெனவே என்னிடம் விலை கேட்டுவிட்டன. இந்தப் பக்கத்து மூன்றோடு அந்த இரண்டும் சேர்ந்தால் இன்னொரு பிள்ளையை வேலைக்கு எடுக்கலாம். போனை வைத்துவிட்டு மெஷினின் பின்னால் போய்ப் பிளக்கைக் கழற்றினேன். பெட்டியின் மூடியைத் திறந்தேன். வரிசையாக மொட்டைத் தலைகள். நடுவில் ஒன்றே ஒன்று மட்டும் வெள்ளை எழுத்தோடு, 7912 என்று. ஒரு நம்பர் தெரிந்தால் கெட்டிக்காரன் மற்ற மூன்றையும் ஊகித்துவிடுவான். நானே ஊகித்தவள்தானே?

பிள்ளைகளை, "கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றேன். ஏன் என்று கேட்காமல் போனார்கள். லாச்சியைத் திறந்தேன். அவர் மடித்த மடிப்பு கலையாமல் அது அங்கேயே கிடந்தது. சர்ரக், சர்ரக். ஏழு போயிற்று, ஒன்பது போயிற்று. முக்கால் மணி நேரம் ஒன்றும் ஆகவில்லை, ஒன்றுக்கு இரண்டு நிமிஷம் போதும். மீதி நேரத்தை அந்த மனுஷன் எங்களுக்குக் காட்டுவதற்காகத்தான் தேய்த்திருக்கிறார். நூல் கொப்பியை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் வந்தாள். இருபத்தெட்டு, முப்பது வயதிருக்கும். வெடித்த பெட்டியைத் துணிக்கடைப் பை ஒன்றில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் படி ஏறினேன். கூட வந்த ரேடியோ பாஸ் என் பெட்டிக்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று ஒவ்வொரு முதுகாகப் பார்த்தார். மூடிவிட்டார்.

"எல்லாத்தயும் சொரண்டி வச்சிருக்கான். இத பாத்து ஒண்ணும் கட்ட முடியாதும்மா."

"நம்பர் எதாச்சும் தெரியுமா அக்கா? எழுதி கிழுதி வச்சிருக்கீங்களா?"

"எனக்கென்ன தெரியும் புள்ள?" என்றேன். "அந்த மனுஷன் ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லல்ல. எங்கள உள்ளுக்கு நிக்கவும் விடல்ல."

அவளுடைய கண் நிறைந்துவிட்டது. பையைப் பிடித்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தபடி, "செத்தும் கெடுக்குறானே, நாசமாப் போறவன். இவனெல்லாம் ஒரு மனுசனா அக்கா?" என்று ஏசினாள்.

நானும் சேர்ந்து ஏசினேன். அவளைவிட உரத்து ஏசினேன்.